ஏசி 'டிப்ளோமா'வுக்கு 1,80,000 ரூபா: கட்டலாமா, தம்பி மேசன் வேலையிலேயே நிற்கட்டுமா?

விசுவமடு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 19 வயது. உயர்தரம் (ஏ.எல்.) தொழில்நுட்பப் பிரிவில் எடுத்தான், ஒரு பாடம் கைவிட்டுவிட்டது. இப்போது மேசன் ஒருவரோடு உதவியாளாகப் போகிறான். நாளுக்கு 2,500 ரூபா, மத்தியானச் சாப்பாடும் உண்டு. மழை, திருவிழா, சாமான் வராத நாள் எல்லாம் கழித்தால் மாதம் 18 நாள் வேலை, 45,000 ரூபா அளவில் வருகிறது.

வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஃபிரிட்ஜ், ஏசி திருத்தும் 'டிப்ளோமா' இருக்கிறதாம். ஆறு மாதம், 1,80,000 ரூபா, மூன்று தவணையில் கட்டலாம். முடித்தவுடன் கட்டாரில் வேலை என்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கத் தயார். அப்பா, 'இரண்டு வருடம் பொறுத்தால் அவனே மேசன், எதற்கு இந்தச் செலவு' என்கிறார். காசுக் கணக்காகப் பார்த்து யாராவது சொல்லுங்கள். படிப்புதான் முக்கியம் என்ற அறிவுரை நிறையக் கேட்டாயிற்று.

பரந்தன் சந்தி:

கணக்கு என்றால் சரி. 1,80,000 உங்கள் பெரிய செலவே இல்லை. ஆறு மாதம் அவன் வேலைக்குப் போகமாட்டான்: 45,000 வீதம் 2,70,000. விசுவமடுவிலிருந்து வவுனியாவுக்குத் தினமும் போய்வந்து படிக்க முடியாது, அறை எடுக்க வேண்டும். அறையும் சாப்பாடும் மாதம் 25,000 என்று குறைத்தே போட்டாலும் 1,50,000. கூட்டினால் ஆறு லட்சம். அடகு வட்டி இதில் இல்லை.

இனி வரவு. கோர்ஸ் முடித்த பொடியனை ஒரு கடையில் எடுத்தால் முதல் வருடம் 35,000, மிஞ்சினால் 40,000 தருவார்கள். சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000. தொடக்கச் சம்பளம் அதை ஒட்டித்தான் இருக்கும். ஆக, ஆறு லட்சம் போட்டபிறகு முதல் வருடம் இப்போது உழைப்பதை விடக் குறைவாகத்தான் உழைப்பான்.

இன்னொன்று, ஒப்பிட வேண்டியது இன்றைய 45,000ஐ அல்ல. அப்பா சொல்வதுபோல் மேசனாகிவிட்டால் நாளுக்கு 4,000. அதே 18 நாளுக்கு 72,000. ஏசிக்காரன் எந்த வருடம் அந்த 72,000ஐத் தாண்டுவான், அதற்குப் பிறகு அந்த ஆறு லட்சத்தை எப்போது மீட்பான்? இதற்குப் பதில் தெரியாமல் சங்கிலியைத் தொடாதீர்கள்.

முள்ளியவளைக் குளிர்:

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஃபிரிட்ஜ், ஏசி வேலைதான் செய்கிறேன். சந்தியின் கணக்கில் இரண்டு இடம் உதைக்கிறது. தம்பி வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் செய்வான், ஆகவே 1,50,000 முழுவதும் புதுச் செலவு இல்லை; 90,000 என்று போடுங்கள். அடுத்தது, மேசனுக்கு மாதம் 18 நாள் என்பது வருடம் முழுவதும் ஓடாது. கார்த்திகை, மார்கழியில் இங்கே அத்திவாரம் வெட்டினால் குழிக்குள் தண்ணீர்தான் நிற்கும்.

ஆனால் ஏசி வேலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வீடுகளில் ஏசி குறைவு. வங்கி, விடுதி, ஆஸ்பத்திரி, அரச அலுவலகம் ஆகிய இடங்களில்தான் இருக்கிறது. அந்தப் பராமரிப்பு வேலைகள் வருட ஒப்பந்தமாகக் கம்பனிகளுக்குப் போய்விடும். கம்பனி ஆளெடுக்கும்போது சான்றிதழ் கேட்கும். என்னைப்போல் தனியே செய்பவனுக்கு வருவது வீட்டு ஃபிரிட்ஜ், கடைகளின் டீப் ஃப்ரீசர், கடற்கரைப் பக்கம் மீன் வைக்கும் பெட்டி. இந்த வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. 'மீன் பழுதாகுது, இன்றைக்கே வருவீங்களா' என்றுதான் கேட்பார்கள்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு கருவிகள். வெக்யூம் பம்ப், கேஜ் செட், பிரேசிங் டோர்ச், காஸ் சிலிண்டர், கிளாம்ப் மீட்டர் என்று ஓரளவு நல்லதாக வாங்கினால் ஒன்றரை லட்சம் போகும். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால் அது கோர்ஸ் கட்டணத்துக்குக் கிட்ட வரும் இரண்டாவது கட்டணம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: பயிற்சியில் எந்தக் குளிரூட்டும் வாயுவில் கை பழக்குகிறார்கள்? ஆர்22 வகை வாயுக்களை எங்களைப் போன்ற நாடுகள் 2030 அளவில் கைவிட வேண்டும் என்பது ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கை. இப்போது வரும் ஏசிகளில் ஆர்410ஏ, ஆர்32. ஆர்410ஏக்கு அமுக்கம் மிக அதிகம், ஆர்22க்குச் செய்த பழைய கேஜை அதில் மாட்டக்கூடாது. ஆர்32 தீப்பற்றக் கூடியது, குழாயில் வாயு இருக்கும்போது டோர்ச்சைக் கொண்டுபோனால் முகம் போய்விடும். பழைய ஆர்22 மெசின் இரண்டை வைத்துக்கொண்டு 1,80,000 கேட்கிறார்கள் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஓமந்தைக்காரன்:

கட்டணத்துக்கு முன்னால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். 'அரசாங்கப் பதிவு' என்று பலகையில் இருப்பது ஒன்று, அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) அங்கீகாரம் இருப்பது வேறொன்று. தொழிற்பயிற்சி நிறுவனம் நடத்துகிறவர்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும், 1990ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிந்துவிட்டால் பலகை எழுதலாம். ஆனால் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியே அங்கீகாரம் எடுத்தால்தான் அந்தக் கோர்ஸில் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும். கணினிக் கோர்ஸுக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு, அதே பலகைக்குக் கீழே அங்கீகாரம் இல்லாத நாலு கோர்ஸ் நடத்துகிற இடங்கள் உண்டு. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனமும் கோர்ஸும் பட்டியலாக இருக்கின்றன, நீங்களே பார்க்கலாம்.

'டிப்ளோமா' என்ற பெயரையும் கவனியுங்கள். என்.வி.கியூ.வில் மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ். 3 என்றால் ஒருவர் மேற்பார்வையில் வேலை செய்வான், 4 என்றால் தனியே பொறுப்பெடுத்துச் செய்வான். டிப்ளோமா என்பது 5, 6. பட்டம் 7. உயர்தரம் முடித்த பொடியனுக்கு ஆறு மாதத்தில் மட்டம் 5 கொடுக்க முடியாது. அப்படியானால் அது அவர்களே அச்சடித்துக் கொடுக்கும் டிப்ளோமா. சுவரில் மாட்டலாம்.

தோகாவிலிருந்து:

புதுக்குடியிருப்பு ஆள், கட்டாரில் வெல்டிங். 'முடித்தவுடன் கட்டார்' என்று படிப்பிக்கிற இடம் சொல்ல முடியாது. ஆள் அனுப்புவதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சி வேண்டும். எந்த ஏஜென்சி, அனுமதி இலக்கம் என்ன, எந்தக் கம்பனியின் வேலைக் கட்டளை என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள்.

சம்பளம்: இங்கே 2021 மார்ச்சிலிருந்து ஆகக்குறைந்த அடிப்படை 1,000 றியால். கம்பனி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 சேர்த்துத் தர வேண்டும். ஆயிரம் றியால் எங்கள் காசுக்கு 80,000 தாண்டும். அது எந்தத் தொழிலும் தெரியாதவனுக்கும் கிடைக்கிற தொகை. உதவியாள் விசாவில் வந்தால் ஏசி டிப்ளோமா இருந்தாலும் அதே ஆயிரம்தான். டெக்னீசியன் விசாவில் வந்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். எந்த விசா என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற தொழில் பெயர் தீர்மானிக்கும், சான்றிதழ் அல்ல.

ஆனால் சான்றிதழ் வீண் என்று சொல்லமாட்டேன். கொழும்பில் நேர்முகத்துக்கு நூறு பேர் நின்றார்கள். சான்றிதழ் உள்ளவர்களை ஒரு வரிசையில் விட்டு முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் கம்பியைக் கையில் தந்து ஒட்டிக்காட்டச் சொன்னார்கள், பேப்பரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் முன்னால் நிற்க அது உதவும். உள்ளே கைதான்.

கிளி_மொழி:

வெளிநாடுதான் நோக்கம் என்றால் ஏன் கட்டார்? தென் கொரியாவுக்கு மொழிப் பரீட்சை பாஸ் பண்ணுவதுதான் முதல் படி, 18 முதல் 39 வயது. 2025இல் அங்கே மணித்தியாலத்துக்கு ஆகக்குறைந்தது 10,030 வொன். மாதக் கணக்குப் பார்த்தால் நாலு லட்சத்துக்கு மேல். ஏசி கோர்ஸுக்குப் போடுகிற காசில் கால்வாசி மொழி வகுப்புக்குக் காணும்.

தோகாவிலிருந்து:

பாஸ் பண்ணுகிறவன் எத்தனை பேர், பாஸ் பண்ணியும் வருடக்கணக்கில் அழைப்புக்குக் காத்திருக்கிறவன் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கோ. என் மச்சான் இன்னும் காத்திருக்கிறான். மொழி படிக்கட்டும், அதை மட்டும் நம்பிக் கைத்தொழிலை விடக்கூடாது.

மல்லாவிக் கராஜ்:

பிள்ளைகள் எல்லோரும் பேப்பரைப் பற்றியே கதைக்கிறீர்கள். தொண்ணூறுகளில் யுத்தத்தால் இங்கே பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். அதற்கு ஏற்றபடி கார்ப்பரேட்டரை மாற்றிக் கொடுத்த ஆட்களுக்கு எந்த மட்டமும் இல்லை. இன்றைக்கும் காலபோக வெட்டு நேரத்தில் வயலுக்குள் வெட்டு மெசின் நின்றுவிட்டால் விவசாயி தேடுவது பக்கத்து ஊர் மெக்கானிக்கைத்தான்.

ஆனால் அந்த வருமானத்தின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டு நேரம் இரண்டு மாதம் நித்திரை இல்லை. நெல் விற்ற பிறகுதான் காசு. நெல் விலை விழுந்தால் என் கடன் கொப்பி தடிக்கும். சிறுபோக நெல் இரணைமடுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. என்னிடம் வேலை பழகிய பொடியன்களில் நன்றாக உழைக்கிறவன் கொழும்பில் ஒரு வாகனக் கம்பனியில் இருக்கிறான். அவனை எடுக்கும்போது என்.வி.கியூ. 4 கேட்டார்கள். அவன் வகுப்புக்குப் போகவில்லை. இங்கே செய்த வேலையை வைத்தே எடுத்துக்கொண்டான்.

விசுவமடு அக்கா:

ஐயா, வகுப்புக்குப் போகாமல் எப்படி எடுத்தார்?

மல்லாவிக் கராஜ்:

முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை என்று ஒன்று இருக்கிறது, பிள்ளை. அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், தொழில் பழகுநர் பயிற்சி நடத்தும் நைட்டாவிலும் விண்ணப்பிக்கலாம். எங்கே, எவ்வளவு காலம் வேலை செய்தான் என்று நான் கடிதம் கொடுத்தேன். செய்த வேலைகளின் படங்கள், பில்கள் எல்லாம் ஒரு கோவையாகச் சேர்த்தான். மதிப்பீட்டாளர் ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டச் சொல்லிப் பார்த்தார், வாய்மொழியாகவும் கேட்டார். எந்தப் பகுதியில் தேர்ச்சி இல்லை என்று தோன்றுகிறதோ அதை மட்டும் திரும்பச் செய்து காட்டலாம். ஒரு கட்டணம் உண்டு, ஆனால் லட்சக் கணக்கு இல்லை. இடம்பெயர்வில் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் தொலைத்த எங்கள் வயது ஆட்களுக்கு இதுதான் நல்ல வழி. எனக்கு இனி எதற்கு என்று நான் எடுக்கவில்லை.

அக்கராயன் மேசன்:

அப்படியானால் ஒரு கேள்வி. தம்பி மேசனோடுதானே நிற்கிறான், மேசன் தொழிலுக்கும் என்.வி.கியூ. இருக்கிறது. வேலையை விடாமல் இரண்டு வருடம் செய்து, பிறகு அதே முறையில் சான்றிதழ் எடுத்தால் சந்தி சொன்ன 2,70,000 இழப்பே இல்லையே? ஏன் ஒருவரும் இதைச் சொல்லவில்லை? எங்கள் தொழில் தொழில் இல்லையா?

பரந்தன் சந்தி:

மேசன் அண்ணை, அது சரியான கேள்வி. செலவுப் பக்கம் பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை. வரவுப் பக்கத்தில்தான் எனக்குத் தயக்கம். 2012இல் இந்திய வீட்டுத்திட்டம் ஊருக்குள் வந்தபோது வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்து உரிமையாளரையே கட்டச் சொன்னார்கள். அப்போது வன்னியில் மேசனைப் பிடிக்கவே முடியாது, சம்பளம் கேட்டதுதான் விலை. திட்டம் முடிந்ததும் அதே ஆட்கள் யாழ்ப்பாணம், கொழும்பு என்று வேலை தேடிப் போனார்கள். 2022இல் சீமெந்து விலை 3,000 வரை போனபோது பாதி வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றது. 72,000 என்று நான் போட்டது நல்ல வருடக் கணக்கு. கெட்ட வருடத்தில் அது 30,000ஆகவும் இருக்கும்.

அக்கராயன் மேசன்:

கெட்ட வருடத்தில் ஏசி பூட்டுகிறவன் மட்டும் வாழ்ந்தானா?

முள்ளியவளைக் குளிர்:

இல்லை அண்ணை, மின்வெட்டு, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கடலுக்குப் போகவில்லை, எங்களுக்கும் வேலை இல்லை. ஆனால் பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட முடியாமல் திருத்த வந்தார்கள். புதிது வாங்கக் காசில்லாத காலம் திருத்துகிறவனுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். கட்டுகிறவனுக்கு அது இல்லை.

வவுனியா டெக்:

நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். ஏன் எல்லோரும் தனியார் கோர்ஸையும் மேசன் வேலையையும் மட்டும் ஒப்பிடுகிறீர்கள்? வவுனியாவில் அரச தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு மாவட்டந்தோறும் நிலையங்கள் உண்டு, பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆள் எடுப்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறந்தது, வாகனம், மின், இயந்திரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் என்று இருக்கிறது. பக்கத்தில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். உங்கள் வீட்டிலிருந்து பரந்தன் வந்து ஏ9இல் தெற்கே இறங்கினால் தினமும் போய்வரலாம், அறை வாடகை இல்லை. முழுநேர அரச பயிற்சிக்கு லட்சக் கணக்கில் கட்டணமும் இல்லை. தம்பி தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன், மட்டம் 4 முடித்து 5க்குப் போகிற வழியும் அவனுக்குத் திறந்திருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 4ஓடு நிற்கிறவன் கைவேலை செய்வான். 5, 6 முடித்தவனை மேற்பார்வைக்கு எடுப்பார்கள், ரத்மலானை வொகேஷனல் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் போகலாம்.

பரந்தன் சந்தி:

அப்போது கணக்கு மாறுகிறது. கட்டணம் போயிற்று, அறை போயிற்று, மிஞ்சுவது இழந்த சம்பளம். அரச பஸ்ஸுக்கு (இ.போ.ச.) பருவச்சீட்டு எடுக்கலாமா என்று நிலையத்தில் கேளுங்கள். வகுப்புக் காலம் ஆறு மாதம் என்றால் 2,70,000. பிறகு தொழிலிடப் பயிற்சி ஆறு மாதம் இருக்கும், அப்போது இடத்தைப் பொறுத்துச் சின்னக் கொடுப்பனவு தருவார்கள், தராமலும் விடுவார்கள். ஆக, கொடுப்பனவே இல்லாவிட்டால் செலவு 5,40,000 வரை போகும். சனி, ஞாயிறு மேசனோடு போனால் மாதம் 15,000, 20,000 திரும்பி வரும்.

தனியார் கோர்ஸிலும் முடித்தபிறகு எங்காவது குறைந்த சம்பளத்தில் நின்று கை பழகத்தான் வேண்டும், அதை அவர்கள் ஆறு மாதத்துக்குள் சேர்த்துச் சொல்வதில்லை. அது வேறு கதை.

கம்பனி வேலை என்றால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 40,000 சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட வேண்டும். அது மாதம் 6,000. தம்பியிடம் 8 வீதம், 3,200 கழிப்பார்கள், ஆனால் அதுவும் அவன் பெயரில்தான் சேரும். நாட்கூலிக்கு நின்றால் எங்கள் பக்கம் யாரும் இதைப் போடுவதில்லை. கூட்டிப் பார்த்தால் 45,000க்கும் 40,000க்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகிறது.

விசுவமடு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் செய்தேன். அந்த நிறுவனத்துக்குப் போன் எடுத்து, இந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். 'நிறுவனம் பதிவு செய்யப்பட்டது' என்றார்கள். நிறுவனம் சரி, கோர்ஸ்? என்று திரும்பக் கேட்டேன். 'விண்ணப்பித்திருக்கிறோம், நீங்கள் முடிக்கும்போது வந்துவிடும்' என்றார்கள். ஏஜென்சியின் பெயர் கேட்டதும் முகாமையாளர் எடுப்பார் என்று வைத்துவிட்டார்கள். இன்னும் எடுக்கவில்லை. ஆணைக்குழுவின் பட்டியலிலும் பார்த்தேன், அவர்களுடைய வேறு கோர்ஸ் இரண்டு இருக்கிறது, இது இல்லை. அம்மாவிடம் சொன்னேன், சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

தம்பியிடமும் கேட்டேன். இவ்வளவு நாளும் அவனைக் கேட்காமல் நாங்கள் மூன்று பேரும் சண்டை பிடித்திருக்கிறோம். அவனுக்கு ஏசி என்று ஒரு ஆசையும் இல்லையாம். வயரிங் வேலைதான் பிடிக்குமாம். கட்டுகிற வீடுகளில் வயரிங் ஆள் வந்தால் போய் நின்று பார்ப்பானாம், சோலர் பூட்டுகிறதும் பார்த்திருக்கிறானாம். இப்போது இந்தக் கணக்கு எல்லாம் திரும்பவும் போட வேண்டுமா?

முள்ளியவளைக் குளிர்:

செலவுப் பக்கம் அதே கணக்குத்தான். வரவுப் பக்கம் இங்கே ஏசியை விட நல்லது. ஒவ்வொரு புது வீட்டுக்கும் வயரிங் வேண்டும், ஏசி வேண்டியதில்லை. கருவிச் செலவும் குறைவு. மேசன்மாரைத் தெரிந்தவனுக்கு வேலை தேடிவரும், அவர்கள்தான் வீட்டுக்காரனுக்கு ஆள் சொல்லி விடுகிறவர்கள். இப்போது நிற்கிற மேசனோடு முகம் கோணாமல் விலகச் சொல்லுங்கள்.

அக்கராயன் மேசன்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சுவரில் தவாளிப்பு வெட்டத் தெரிந்த வயரிங்காரன் கிடைப்பதில்லை, பூசின சுவரை உடைத்துவிட்டுப் போவார்கள். இவனுக்கு இரண்டும் தெரியும். முடித்ததும் எனக்குச் சொல்லட்டும்.

வவுனியா டெக்:

மின் வேலை மட்டம் 4 கிளிநொச்சியிலேயே கேட்டுப் பாருங்கள். நேரே போங்கள், போனில் சரியாகச் சொல்லமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். பெறுபேற்றுத் தாள், கிராம சேவகர் உறுதிப்பத்திரம் எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நேர்முகத்தில் 'ஏன் இந்தக் கோர்ஸ்' என்று கேட்பார்கள். அந்த வீடுகளில் நின்று பார்த்ததை அப்படியே சொன்னால் போதும்.

விசுவமடு அக்கா:

கிராம சேவகர் செவ்வாயும் வியாழனும்தான் இருப்பார். வியாழக்கிழமை போய் எடுக்கிறோம். ஒரு சின்னக் கேள்வி: ஏ.எல்.லில் ஒரு பாடம் போனதால் மட்டம் 5க்கு நேரே எடுக்கமாட்டார்களா, அல்லது 4 செய்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வவுனியா டெக்:

4இலிருந்து தொடங்கட்டும். கையும் பழகும், 5க்கு வழியும் அதிலேயே இருக்கிறது.